தோட்டம், ஓட்டம், கூட்டம்: ஜொகூர் தெருக்களில் விசுவாசத்தின் வரலாறு

தாளத்தின்மேல் பேச்சாகவே ஓடும் பாட்டைத் தமிழில் சொல்லிசை என்று வழங்குகிறார்கள். அதன் ஒரு கிளையான கேங்ஸ்டா ராப், அமெரிக்க நகரங்களின் கறுப்பினக் குடியிருப்புகளில் 1980களின் நடுவில் உருவாகி, தெருவின் வறுமையையும் வன்முறையையும் காவல்துறையோடான பகையையும் பாடுபவனின் சொந்தக் கதையாகவே சொல்லத் தொடங்கியது. என்.டபிள்யூ.ஏ. குழுவின் 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' 1988இல் வெளிவந்த பிறகு உலகமெங்கும் பரவிய இந்தப் பாடல் வகை, எந்த நாட்டில் போய் இறங்கினாலும் கூட்டாளிக்குக் காட்டும் விசுவாசம், பிறந்து வளர்ந்த தெரு என்னும் இரண்டு பொருள்களைக் கைவிட்டதில்லை. மலேசியத் தமிழ் இளைஞர்கள் அதைக் கையிலெடுத்தபோது, தொளதொளத்த சட்டையையும் கழுத்துச் சங்கிலியையும் போலவே விசுவாசத்தையும் கலிபோர்னியாவிலிருந்து இரவல் வாங்கினார்கள் என்று கருதுவோர் உண்டு. பாட்டின் வடிவத்தைப் பொறுத்தவரை அக்கருத்து சரியே. ஆனால் மலாயாத் தீபகற்பத்தின் தென்கோடியிலுள்ள ஜொகூர் மாநிலத்தின் வரலாற்றைப் பார்க்கும்போது, சத்தியம் செய்து சகோதரராகும் வழக்கம் அங்கே ராப் இசைக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது என்பதும், ஒரு காலத்தில் அது அரசின் ஒப்புதலோடே நடந்தது என்பதும் தெரியவருகின்றன.

ஜொகூரின் தெமெங்கோங், அதாவது சிங்கப்பூரில் இருந்தபடியே அந்நிலத்தை ஆண்ட மலாய்த் தலைவர், 1844ஆம் ஆண்டு முதல் சீனக் குடியேறிகளுக்கு ஆற்றுச் சீட்டு எனப் பொருள்படும் 'சூராட் சுங்கை' என்ற உரிமைப் பத்திரங்களை வழங்கலானார். மிளகும், தோல் பதனிடவும் வெற்றிலையோடு மெல்லவும் பயன்பட்ட காம்பீர் என்னும் செடியும் பயிரிடச் சிங்கப்பூரில் நிலம் போதாமற்போனதால், காடு மண்டிக் கிடந்த ஜொகூரின் ஆற்றங்கரைகள் இவ்வாறு ஒவ்வொன்றாகத் திறந்துவிடப்பட்டன. சீட்டு பெற்றவர் 'காங்சூ', ஆற்றின் தலைவர், எனப்பட்டார். அபின், சாராயம், சூதாட்டம், பன்றியிறைச்சி ஆகியவற்றின் வரி உரிமையும் தம் கரையிலுள்ளோரை அடக்கியாளும் பொறுப்பும் அவருடையவை. தான் கீ சூன் என்பவரின் தலைமையில் தெப்ராவ் ஆற்றங்கரையில் குடியேறியவர்கள் ஙீ ஹெங் கொங்சி என்னும் சகோதர சங்கத்தைச் சேர்ந்தவர்கள். கொங்சி என்ற சீனச் சொல் முதலைப் பொதுவில் போட்டு இலாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டைக் குறிக்கும். பக்கத்திலிருந்த நீரிணைக் குடியேற்றங்களில், அதாவது சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய பிரிட்டிஷ் பகுதிகளில், இத்தகைய சங்கங்களை ஆங்கிலேயர் 1890இல் சட்டவிரோதமாக்கினர். ஜொகூரை ஆண்ட அபு பக்காரோ வேறு கணக்குப் போட்டார். பல சங்கங்கள் இருந்தால் பினாங்கிலும் லாருட்டிலும் நடந்ததைப் போன்ற இரத்தக்களரி ஜொகூருக்கும் வரும் என்பதை உணர்ந்து, ஙீ ஹெங் ஒன்றை மட்டும் அங்கீகரித்து மற்றவற்றுக்கு இடமில்லை என்று விதித்தார். சகோதர சத்தியம் இங்கே ஆட்சிமுறையின் ஓர் உறுப்பாகவே இயங்கியது.

அந்தச் சத்தியத்தின் உள்ளடக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தேவை. ஙீ ஹெங் கிளைத்த இரகசியச் சங்க மரபில் புதிதாகச் சேர்பவன் 36 பிரமாணங்களை ஏற்கவேண்டும். சகோதரனின் பெற்றோரைத் தன் பெற்றோராக மதிப்பேன், அவன் மனைவியை இச்சியேன், அவன் வறுமையுற்றால் கைகொடுப்பேன், அவன் வீட்டில் சாவு விழுந்து அடக்கத்துக்குப் பணமில்லையென்றால் கொடுத்துதவுவேன், அதிகாரிகளிடம் அவனைக் காட்டிக்கொடுக்கமாட்டேன் என்பன அவற்றுட் சில. பிரமாணத்தை மீறினால் இடி விழுந்தோ வாளால் வெட்டுண்டோ சாவேன் என்ற சாபமும் உடன்சேர்த்துச் சொல்லப்படும். வெளிப் பகைவனை எதிர்ப்பதைக் காட்டிலும் உள்ளிருப்பவன் துரோகம் செய்யாமல் தடுப்பதற்கே இப்பிரமாணங்களில் மிகுதியானவை ஒதுக்கப்பட்டுள்ளன என்பது கருதத்தக்கது. ஜொகூரில் பிரிட்டிஷ் பொது ஆலோசகர் 1914இல் பதவியேற்றபின் இந்த ஏற்பாடு நெடுநாள் நீடிக்கவில்லை. ஙீ ஹெங் 1916இல் கலைக்கப்பட்டு அதன் சொத்து ஜொகூர் பாருவின் பூன் யூ சீனப் பள்ளியைச் சேர்ந்தது. மறு ஆண்டில் காங்சூ முறையும் ஒழிக்கப்பட்டது. கொங்சி என்ற சொல் மட்டும் மலாய்மொழியில் தங்கிவிட்டது. தனித்து நின்றால் அது பங்கிடுதலைக் குறிக்கும். 'இருட்டு' எனப் பொருள்படும் 'கெலாப்' என்ற சொல்லோடு சேர்ந்தால் இரகசியச் சங்கம் என்றாகும்.

ஙீ ஹெங் மறைந்த அதே பத்தாண்டுகளில்தான் ஜொகூர்க் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாக மாறி, குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், சிகாமட், கூலாய் முதலிய இடங்களில் தமிழ்த் தொழிலாளர் திரளாக வந்து குடியமர்ந்தனர். ஜொகூர் இரயில்பாதை 1909இல் நிறைவுற்றதும் ரப்பர் விலையேற்றமும் அந்த வேகத்துக்குக் காரணங்கள். ஆட்களைக் கொண்டுவந்தவர் கங்காணி. தோட்டத்தில் வேலைபார்த்த அவரே உரிமம் பெற்றுத் தம் ஊருக்குப் போய், உறவினரையும் அயலாரையும் முன்பணம் கொடுத்துத் திரட்டிக் கப்பலேற்றினார். தாம் அழைத்துவந்தவர்கள் ஒவ்வொரு நாளும் பெரட்டில், அதாவது விடியுமுன் தோட்டத்தார் நடத்தும் ஆள்கணக்கெடுப்பில், வந்து நிற்கும் எண்ணிக்கைக்கு ஏற்ப அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. இந்தியத் தொழிலாளர் உதவிபெற்றுக் கடல்கடப்பதை இந்திய அரசு 1938இல் தடைசெய்யும்வரை இம்முறை நீடித்தது. கங்காணியைத் தொழிலாளர் உறவுமுறை சொல்லி அழைத்தனர். அவரோ தலையை எண்ணிக் காசு வாங்கினார். உறவின் சொல்லும் கடனின் கணக்கும் ஒரே ஆளிடம் கூடியிருந்த இந்த அமைப்பே மலாயாத் தமிழர் கண்ட முதல் 'தலைவர்' வடிவம் என்று சொல்லலாம். பிற்காலத் தெருக் கூட்டங்களின் 'அண்ணன்' எனப்படும் தலைவனிடமும் இதே கலவையைக் காணமுடிகிறது. சோறு போடுபவன் அவன், வழக்குக்கு வழக்கறிஞர் வைப்பவன் அவன், அதற்கு ஈடாக ஒருநாள் ஏவலைச் சொல்பவனும் அவனே. கர்ணன் கதையின் வழியே தமிழர் நன்கறிந்த செஞ்சோற்றுக்கடன், உண்ட சோற்றுக்கு உயிரைக் கொடுத்துக் கடனடைக்கும் அறம், இந்த உறவுக்குக் காப்பியத்தின் மதிப்பைத் தேடித்தருகிறது. ஆனால் கர்ணனுக்குத் துரியோதனன் அங்க நாட்டைக் கொடுத்தான்; தெருவில் கொடுக்கப்படுவது அநேகமாக ஒரு மோட்டார் சைக்கிளும் இரவுச் சாப்பாடும்தான்.

தமிழரும் சீனச் சங்கங்களும் சேர்ந்தது அண்மைக்கால நிகழ்ச்சி என்று கருதுவதும் பிழை. 1867ஆம் ஆண்டுப் பினாங்குக் கலவரத்தில் செங்கொடி, வெண்கொடி என்னும் இரு முஸ்லிம் சங்கங்கள் எதிரெதிரான சீனச் சங்கங்களோடு கைகோத்து மோதின. அவற்றில் மலாய்க்காரரோடு தமிழ் முஸ்லிம்களும் அவர்தம் கலப்பு வழித்தோன்றல்களும் இருந்தனர். வேறு வகையான கூட்டுறுதியும் தோன்றாமல் இல்லை. கெடா மாநிலத் தோட்டங்களில் 1946, 47ஆம் ஆண்டுகளில் ஏ. எம். சாமியின் தலைமையில் இயங்கிய தொண்டர் படை, இளைஞர்களை அணிவகுக்கச் செய்து கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடியது. அதனைக் காலனிய அரசு அடக்கி ஒடுக்கியது.

லயம் எனப்படும் வரிசைவீட்டில் வளர்ந்தவனுக்குச் சகோதரரைத் தேடிப்போகும் அவசியம் இருந்ததில்லை. ஒரே கூரையின்கீழ் ஒட்டிக் கட்டிய வீடுகளில் அடுத்த வீட்டுக்காரர் சித்தப்பா, எதிர் வீட்டுக்காரர் மாமா, கோயில் திருவிழாவுக்குத் தோட்டம் முழுதும் ஒரே குடும்பம். ஆனால் வீடு வேலையோடு கட்டுண்டது. வேலை போனால் வீடும், அத்தோடு கோயிலும் பள்ளியும் விளையாட்டுத் திடலும் போயின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தனர், பின்னர் நிலமே வீடமைப்பு நிறுவனங்களுக்கு விற்கப்பட்டது. 1980க்கும் 2000க்கும் இடையே ஏறத்தாழ 3 இலட்சம் இந்தியர் தோட்டங்களைவிட்டு வெளியேற நேர்ந்தது என்பது ஆய்வாளர்கள் அடிக்கடி எடுத்தாளும் கணக்கு. ஜொகூரில் அவர்கள் போய்ச் சேர்ந்த இடங்கள் மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய், செனாய் போன்ற தொழிற்பேட்டைப் புறநகர்களும் அவற்றின் மலிவுவிலை அடுக்கு வீடுகளும் ஆகும். அங்கே கதவைத் திறந்தால் எதிரே இருப்பவர் மாமா அல்லர், முன்பின் அறியாதவர். பெற்றோரில் ஒருவர் விடியுமுன் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்பும் வீடுகளில், பள்ளிவிட்டு வந்த பையனுக்கு அடுக்கு வீட்டின் கீழ்த்தளமும் அங்கு நின்ற மூத்த பையன்களுமே துணையாயினர். அந்த மூத்த பையன்களிடம் ஓர் எண் இருந்தது.

எண்களின் கதை மீண்டும் சீனச் சங்கங்களிடமே கொண்டுபோய் விடுகிறது. 08, 18, 36 என்றெல்லாம் வழங்கும் மலேசியக் குண்டர் கும்பல்களின் பெயர்கள், சத்தியங்களையும் கிளைகளையும் எண்களால் குறித்த பழைய சங்க வழக்கத்தின் மிச்சங்கள். சீனத் தலைவர்களிடம் அடியாட்களாகச் சேர்ந்த இந்திய இளைஞர்கள், அத்தலைவர்கள் தெருவைவிட்டு வருமானம் மிகுந்த வேறு தொழில்களுக்கு நகர்ந்தபோது, எண்ணையும் தெருவையும் தமதாக்கிக்கொண்டனர். மலேசிய உள்துறை அமைச்சு 2013 ஆகஸ்டில் 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, உறுப்பினர்களாகக் கணக்கிடப்பட்ட சுமார் 40 ஆயிரம் பேரில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இந்தியர் என்றது. நாட்டின் மக்கள்தொகையிலோ இந்தியர் 7 விழுக்காட்டையொட்டியவர்களே. பிறகு சவ ஊர்வலங்களிலும் தைப்பூசத்திலும் எண் பொறித்த கொடியும் சட்டையும் குற்றமாகப் பார்க்கப்பட்டன.

இவ்வரலாற்றில் ஜொகூருக்கு இன்னோர் இடமும் உண்டு. குளுவாங் மாவட்டத்தின் சிம்பாங் ரெங்காம், அன்னாசிக்குப் பேர்போன சிற்றூர். 1969ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டத்தின்கீழ் வழக்கு விசாரணையின்றிப் பிடிக்கப்பட்டவர்களை அடைத்துவைத்த தடுப்பு முகாம் அங்கேதான் இருந்தது. நாட்டின் எந்த மூலையில் பிடிபட்டவனும் அங்கே வந்துசேர்ந்ததால், பினாங்குக்காரனும் கிள்ளான்காரனும் ஜொகூர்க்காரனும் ஒரே கூடத்தில் மாதக்கணக்கில் ஒன்றாகத் தின்று உறங்கினர். சங்கங்களை உடைப்பதற்கென்று அமைத்த முகாமே சங்கங்களுக்கிடையே பழக்கத்தை உண்டாக்கியிருக்கும் என்று எண்ணுவதில் தவறில்லை. செம்பனையும் அன்னாசியும் சூழ்ந்த அந்நிலத்துக்குத் தோட்டத்தைவிட்டு விரட்டப்பட்டவர்களின் மகன்கள் கைதிகளாகத் திரும்பினர். அவசரகாலச் சட்டம் 2011இல் நீக்கப்பட்டது. அதற்கு ஈடாக 1959ஆம் ஆண்டுக் குற்றத்தடுப்புச் சட்டம் 2013இல் திருத்தப்பட்டு, விசாரணையற்ற தடுப்புக்காவல் வேறு பெயரில் தொடர்ந்தது.

தோட்டங்கள் கலைந்து குடும்பங்கள் புறநகர்களுக்கு நகர்ந்துகொண்டிருந்த வேளையில்தான் சொல்லிசை வந்துசேர்ந்தது. யோகி பி உள்ளிட்ட நால்வரின் பொயட்டிக் அம்மோ குழு 1998இல் வெளியிட்ட முதல் தொகுப்பு ஆங்கிலம், மலாய், தமிழ், கன்டோனியம் ஆகிய மொழிகளைக் கலந்து பாடியது. பின்னர் யோகி பியும், ஈப்போவைச் சேர்ந்த டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் என்ற இருவரின் நட்சத்திரா குழுவும் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' முழுநீளத் தமிழ்ச் சொல்லிசைத் தொகுப்புகளுக்கு முன்னோடியாக மதிக்கப்படுகிறது. 'நிழல்கள்' படத்தின் இளையராஜா பாடலை எடுத்து மறுவார்ப்புச் செய்த அதன் 'மடை திறந்து' தமிழகத்திலும் பரவியது. இம்முன்னோடிகள் கேங்ஸ்டா பாடகர்கள் அல்லர். உழைப்பும் தன்மதிப்பும் தமிழ்ப் பெருமையுமே அவர்களின் பேச்சு. கூட்டத்தையும் எண்ணையும் கைவிலங்கையும் பாடியவர்கள் அவர்களுக்குப் பின் வந்த, பெரும்பாலும் வானொலியை எட்டாத, கைப்பிரதிக் குறுந்தட்டுகளிலும் பின்னர் இணையக் காணொளிகளிலும் வாழ்ந்த இளையோர்.

அவர்கள் பாட்டின் யாப்பு தனியே கவனிக்கவேண்டியது. மரபுத் தமிழ்ச் செய்யுளில் ஓசை ஒன்றுவது பெரும்பாலும் அடியின் தலைப்பில். இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகைதான் அதன் முதுகெலும்பு. ஆங்கில ராப் அடியின் இறுதியில் ஒன்றும். தமிழ் இலக்கணம் அதற்கு இயைபு என்று பெயரிட்டு ஒரு மூலையில் வைத்திருந்தது. தமிழ்ச் சொல்லில் விகுதிகள் ஒட்டிக்கொள்வதால் இறுதி இயைபு மிக எளிதாகக் கிடைக்கும், அதனாலேயே சீக்கிரம் சலிக்கும். திறமையுள்ள சொல்லிசைஞர் இரண்டையும் ஒருசேரப் பிடிக்கும் சொற்களைத் தேடுகிறார். தோட்டம், ஓட்டம், கூட்டம் என்ற மூன்று சொற்களை எடுத்துக்கொண்டால், முதலெழுத்துகள் யாவும் நெடில், இரண்டாமெழுத்து ஒன்றி எதுகை, முடிவு ஒன்றி இயைபு. தோட்டத்தைவிட்டு ஓடி வந்து கூட்டத்தில் சேர்ந்த ஒரு தலைமுறையின் வரலாறும் அந்த ஒலி வரிசைக்குள் அடங்கிவிடுகிறது.

உறவுச் சொற்களும் அவ்வாறே பழையவை. மச்சான் என்பவன் பெண் கொடுத்து எடுக்கும் முறையுள்ளவன். மலேசியாவில் அச்சொல் 'மச்சா' என்று சுருங்கி மலாய், சீன இளைஞர் வாயிலும் புழங்கும் பொது விளியாகிவிட்டது. மூத்தவனைக் குறிக்கும் 'தைக்கோ' சீனத்திலிருந்து வந்தது. எல்லாவற்றிலும் பொருள் பொதிந்தது பங்காளி. தந்தைவழிச் சொத்தில் பங்குள்ளவன் என்பது அதன் நேர்ப்பொருள். கொங்சியின் பொருளும் பங்குதான். சீனர் இலாபப் பங்கைக்கொண்டு சகோதரத்துவத்தைப் பெயரிட்டனர், தமிழர் நிலப் பங்கைக்கொண்டு பெயரிட்டனர். பங்கு என்றால் பூசலும் உண்டு என்பதைத் தமிழர் எப்போதோ கண்டுகொண்டதால்தான் பங்காளிச் சண்டை என்பது தீராப் பகைக்கு வழக்காயிற்று. இப்பாடல்களில் வரும் துரோகி ஒருபோதும் வெளியாள் அல்லன். ஒரே தட்டில் சாப்பிட்டவன், பங்காளி. கூட்டாளியைக் காட்டிக்கொடுத்தவனைச் சபிப்பதும், இறந்தவனுக்கு ஒப்பாரிபோல் நினைவுப் பாட்டுக் கட்டுவதும், சிறைசென்றவனின் தாயைத் தாயாக ஏற்பதும் இப்பாடல்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஙீ ஹெங்கின் பிரமாணங்களை அறிந்தவருக்கு இவை புதியன அல்ல. குறையும் அங்கேயே இருக்கிறது. அழும் தாயும் ஏமாற்றும் காதலியும் வருகின்ற இப்பாடல்களில், பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இரவுமுறை வேலைபார்த்துக் குடும்பத்தைத் தாங்கும் அக்காவையும், பால்மரம் எனப்படும் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பாட்டியையும் காண்பது அரிது. உழைத்த பெண்களை விட்டுவிட்டுச் சொல்லும் தெருவின் கதை அரைக் கதை.

திரைப்படம் இந்த உலகத்தைப் பாடல்களைவிட நிதானமாகப் பார்த்தது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வெளிவந்த 'ஜகாட்' தோட்டத்திலிருந்து புறம்போக்குக் குடியிருப்புக்கு வந்த குடும்பத்தின் சிறுவன் கும்பலின்பால் ஈர்க்கப்படுவதைச் சொல்கிறது. கெட்டவன் எனப் பொருள்படும் 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல்லைத் தமிழ் நா திரித்த வடிவமே அதன் தலைப்பு. அப்படம் மறு ஆண்டில் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்துக்கான விருதைப் பெற்றது. அதே 2016இல் பா. இரஞ்சித்தின் 'கபாலி' தோட்டத்து வரலாற்றையும் கும்பல் பகையையும் உலகத் தமிழர் முன் வைத்தது. மலேசியத் திரையரங்குகளில் மட்டும் அதன் முடிவில் கபாலி காவல்துறையிடம் சரணடைந்தான் என்ற வாசகம் சேர்க்கப்பட்டது. தலைவனுக்குக் காட்டும் விசுவாசத்தைவிட அரசுக்குக் காட்டும் விசுவாசம் மேலானது என்று அந்த ஒற்றை வாசகத்தால் நிறுவ முயன்றவர்கள், அபு பக்காரின் ஜொகூரை மறந்திருக்கக்கூடும்.

தோட்டத்து நாட்டுப்புறப் பாடல்களை முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் தேடித் தொகுத்ததால்தான் பால்மரக் காட்டின் குரல் ஓரளவேனும் நூலேறியது. கைப்பிரதிக் குறுந்தட்டில் வாழ்ந்த சொல்லிசைக்கும் அத்தகைய ஒரு தொகுப்பாளர் வேண்டும். குறுந்தட்டு கீறல் விழுந்து போவதற்கும் கணக்குகள் இணையத்திலிருந்து நீக்கப்படுவதற்கும் அதிக காலம் ஆவதில்லை. ஸ்கூடாயில் ரினித் தோட்டம் இருந்த நிலத்தில் இன்று முத்தியாரா ரினி என்ற வீடமைப்புப் பகுதி நிற்கிறது. அங்குள்ள தமிழ்ப்பள்ளியின் பெயர் இன்னும் 'லாடாங் ரினி', அதாவது ரினித் தோட்டம்.